பின்னி மில்லின் கமிட்டி: மேஸ்திரியிலிருந்து ஹெச்.ஆர். வரை

1922-ல் சென்னை பெரம்பூரில், பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் மில்லில் ஒரு கமிட்டி அமைத்தார்கள். நிர்வாகத் தரப்பில் சிலர், தொழிலாளர் தரப்பில் சிலர். ஒரே மேஜையில் உட்கார்ந்து மில் விஷயங்களைப் பேசுவதுதான் வேலை. மேலாண்மைப் பாடப்புத்தகம் எதை எடுத்தாலும் 'நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பு' என்ற அத்தியாயத்தில் இது ஒரே ஒரு வரியாக வரும்: 1920-ல் ஜாம்ஷெட்பூர் டாடா, அரசு அச்சகங்கள், 1922-ல் மெட்ராஸ் பி அண்ட் சி மில். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் வருஷத்தை மனப்பாடம் பண்ணிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு அந்த 1922 என்ற எண்தான் உறுத்தியது. ஏன்னா அதற்கு முந்தைய வருஷம்தான் அதே மில்லில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்து, தொழிலாளிகள் தோற்றுப்போய் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். தொழிற்சங்கத் தலைவரை ஏற்கெனவே வழக்கு போட்டு வெளியே அனுப்பியாகிவிட்டது. ஜெயித்த நிர்வாகம் எதற்காகக் கமிட்டி போட்டுத் தொழிலாளியை உட்காரவைத்துப் பேசணும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் இன்றைக்கு நம்ம ஆபீஸ்களில் 'எம்ப்ளாயி எங்கேஜ்மென்ட்', 'லீடர்ஷிப் டெவலப்மென்ட்' என்று நடக்கிற பல விஷயங்களின் வேர் வரைக்கும் போகலாம். அதைத்தான் இந்தப் பதிவில் எழுதிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மில்லைப் பற்றி. பக்கிங்ஹாம் மில் 1876-லும் கர்நாடிக் மில் 1881-லும் ஆரம்பித்தவை. இரண்டையும் நடத்தியது பின்னி கம்பெனி. 1920-ல் இரண்டும் ஒன்றாகி 'பி அண்ட் சி' ஆனது. ஊர்க்காரர்களுக்கு எப்போதும் அது 'பின்னி மில்'தான். காக்கித் துணிக்குப் பேர் போனது. முதல் உலகப் போரில் பட்டாளத்துக்குத் துணி போனது இங்கிருந்துதான். 1996-ல் மூடப்பட்டது. இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது.

நூறு வருஷத்துக்கு முன்னால் உள்ளே வேலை எப்படி இருந்தது? 1911-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி ஆலைத் தொழிலாளியை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். 12 மணி நேரம் என்பதே அன்றைக்குச் சீர்திருத்தம் என்பதைக் கவனிக்கணும். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். பஞ்சுத் தூசியில் நிற்கிற ஆள், வெளியே வந்து, கை கால் கழுவி, வீட்டிலிருந்து வந்த சோற்றைத் தேடிப் பிடித்து, சாப்பிட்டு, திரும்ப மெஷின் முன்னால் நிற்கணும். எல்லாம் முப்பது நிமிஷத்துக்குள்.

இவர்களுக்கும் வெள்ளைக்கார மேனேஜருக்கும் நடுவில் இருந்தவர் மேஸ்திரி. இந்த வார்த்தையே போர்ச்சுகீசிய 'மெஸ்த்ரே'யிலிருந்து வந்தது. பம்பாயில் இதே ஆளுக்கு ஜாபர் என்று பெயர், கல்கத்தா சணல் ஆலைகளில் சர்தார். ஆலைக்கு ஆலை அதிகாரம் கூடக் குறைய இருந்தாலும் பொதுவாக ஆள் சேர்ப்பது, லீவு கொடுப்பது, எந்த மெஷினில் யார் நிற்கணும் என்று முடிவு பண்ணுவது, புகார் சொல்வது, வேலையை விட்டுத் தூக்குவது எல்லாம் இவர் வழியாகத்தான் நடந்தது. அதற்கு மாமூல் உண்டு. மேனேஜருக்குத் தொழிலாளியின் மொழி தெரியாது, தொழிலாளிக்கு மேனேஜரின் மொழி தெரியாது. நடுவில் இருக்கிறவர் சொன்னதுதான் இரண்டு பக்கத்துக்கும் உண்மை. இன்றைய பாஷையில் சொன்னால் மேஸ்திரிதான் டீம் லீட், அவரேதான் ரெக்ரூட்டர், அவரேதான் அப்ரைசல் போடுகிறவர். மூன்றையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஐ.டி.யில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சூழலில் சங்கம் எப்படிப் பிறந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அதை ஆரம்பித்தவர்கள் மில் தொழிலாளிகள் இல்லை. செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்று மில்லுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த இரண்டு சிறு வியாபாரிகள். அவர்கள் ஸ்ரீவெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒரு பக்திச் சபை நடத்திக்கொண்டிருந்தார்கள். மில் தொழிலாளிகள் அங்கே வருவார்கள். சொற்பொழிவு நடக்கும். அதற்கு முன்னும் பின்னும் ஜனங்கள் பேசிக்கொள்வது மில்லைப் பற்றித்தானே? கடைக்காரர்கள் இருவரும் அதைக் கேட்டார்கள். வருஷக்கணக்கில் கேட்டார்கள். வெறுமனே கேட்டார்கள் என்பதற்கு நான் அழுத்தம் கொடுக்கக் காரணம் இருக்கு. தலைமைப் பண்பு பற்றிய பயிற்சிகளில் பேச்சுத் திறமைக்கு ஒரு நாள் ஒதுக்குகிறார்கள், கேட்பதற்கு அரை மணி நேரம்.

கேட்டதை என்ன செய்வது என்று தெரியாமல் இவர்கள் வெளியே ஆள் தேடினார்கள். 'தேசபக்தன்' பத்திரிகை ஆசிரியர் திரு.வி.க.வை 1918 மார்ச்சில் சபைக்கு அழைத்துப் பேச வைத்தார்கள். அன்னி பெசன்ட் அம்மையாரோடு சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்த பி.பி.வாடியாவிடம் போனார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர், இரண்டு கடைக்காரர்களும் செயலாளர்கள். இந்தியாவில் முறையான உறுப்பினர், சந்தா என்று அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். காந்தி அகமதாபாத் மில் தொழிலாளர்களுக்காக உண்ணாவிரதம் இருந்ததும் அதே வருஷம் மார்ச்சில்தான். ஆனால் அங்கே சங்கமாக அமைப்பு உருவானது 1920-ல்.

வாடியா பம்பாய்க்காரர், பார்சி, தியாசபிக்காரர். அவருக்கும் பெரம்பூர் தொழிலாளிக்கும் மொழி, சாதி, சாப்பாடு எதிலும் சம்பந்தமில்லை. ஆங்கிலத்தில் பேசுவார், அதைத் தமிழில் சொல்ல இன்னொருவர் வேண்டும். அப்படிப்பட்டவர் எடுத்த முதல் கோரிக்கை என்ன தெரியுமா? சுயராஜ்யம் இல்லை, சம்பளம் இரட்டிப்பு இல்லை. சாப்பாட்டு நேரத்தை முப்பது நிமிஷத்திலிருந்து நாற்பது நிமிஷம் ஆக்குங்கள்.

பத்து நிமிஷம்!

இதைப் படித்தபோது எனக்கு வாடியா மேல் மரியாதை கூடிவிட்டது. தியரி நிறையப் படித்த மனுஷர். மேடையில் பெரிய விஷயங்கள் பேசத் தெரிந்தவர். ஆனாலும் தினமும் உடம்பில் உறைக்கிற விஷயம் எதுவோ அதை எடுத்தார். கொடுப்பதற்கு நிர்வாகத்துக்கு அதிகச் செலவில்லை. கொடுக்க மறுத்தால் அதன் கல்நெஞ்சு ஊருக்கே தெரிந்துவிடும். போர்க்காலம் என்பதால் பட்டாளத்துக்குத் துணி நெய்கிற மில்லில் வேலைநிறுத்தம் வேண்டாம் என்று தொழிலாளிகளைத் தடுத்ததும் அவர்தான். அந்த வருஷம் மில்லைப் பூட்டியது நிர்வாகம். இந்த வரிசை அடிக்கடி மறந்துபோகிற ஒன்று.

1919-ல் வாஷிங்டனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு நடந்தது. இந்தியத் தொழிலாளர் பிரதிநிதி என்.எம்.ஜோஷிக்கு ஆலோசகராகப் போனவர் வாடியா. அதாவது, பெரம்பூர் சாப்பாட்டு நேரத்தைப் பேசிய ஆள் ஒன்றரை வருஷத்தில் உலக மேடைக்குப் போய்விட்டார். ஆனால் பின்னி நிர்வாகத்தின் பதில் கடைசி வரை ஒன்றுதான்: எங்கள் தொழிலாளியோடு பேசுவோம், வெளியாளோடு பேச மாட்டோம்.

1920 அக்டோபரில் பக்கிங்ஹாம் மில் பூட்டப்பட்டது. டிசம்பரில் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்ப்பலி ஆனது. நிர்வாகம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய், வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளிகளைத் தூண்டினார்கள் என்று வாடியா முதலானவர்கள் மேல் வழக்கு போட்டுத் தடை உத்தரவு வாங்கியது. அந்தக் காலத்தில் தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. இங்கிலாந்தில் 1906-லேயே வந்துவிட்ட பாதுகாப்பு, அதே இங்கிலாந்துக்காரர்கள் ஆண்ட மெட்ராஸில் இல்லை. கடைசியில் சமரசம்: கம்பெனி நஷ்டஈடு கேட்பதை விடும், வாடியா தொழிற்சங்க வேலையை விடுவார். அவர் விட்டார். இந்த வழக்கு கொடுத்த அதிர்ச்சியில்தான் என்.எம்.ஜோஷி 1921-ல் மத்தியச் சட்டசபையில் தொழிற்சங்கச் சட்டம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். சட்டம் வர 1926 ஆனது.

வாடியா போன பிறகு 1921-ல் பெரிய வேலைநிறுத்தம். மே மாதம் கர்நாடிக் மில்லில் தொடங்கி, ஜூனில் பரவி, அக்டோபர் வரை இழுத்தது. இங்கேதான் கதையில் ஒரு கறுப்புப் பக்கம் வருகிறது. சங்க வரலாறு எழுதுகிறவர்கள் இதைச் சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள், நாம் அப்படிச் செய்யக் கூடாது. ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் இந்த வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. முந்தைய கதவடைப்பில் அதிகம் பட்டினி கிடந்தவர்கள் அவர்கள். கடன் கொடுக்க ஆளில்லை, போய் ஒண்ட நிலமோ சொந்தமோ இல்லை. எம்.சி.ராஜா போன்ற அவர்களுடைய தலைவர்களும் சேர வேண்டாம் என்றார்கள். வேலைக்குப் போன அவர்கள் மேல் வேலைநிறுத்தக்காரர்களின் கோபம் திரும்பியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. மாதக்கணக்கில் கலவரம், மறுபடியும் துப்பாக்கிச்சூடு, சாவுகள். அரசாங்கம் ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டுகிறது என்று நீதிக்கட்சித் தலைவர்களில் ஒரு சாரார் குற்றம் சாட்ட, எம்.சி.ராஜாவுக்கும் அந்தக் கட்சிக்கும் நடுவில் விழுந்த விரிசல் பிறகு மூடவே இல்லை. திரு.வி.க.வை நாடு கடத்திவிடுவோம் என்று ஆளுநர் வில்லிங்டன் மிரட்டியது இந்தக் காலத்தில்தான்.

என் கணிப்பில் சங்கம் தோற்ற இடம் நீதிமன்றம் இல்லை, புளியந்தோப்பு. மூன்று வருஷம் தொழிலாளிகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த சங்கம், தொழிலாளிகளிலேயே அடித்தட்டில் இருந்தவர்களைக் கேட்கவில்லை. "நீ வேலையை விட்டு வந்தால் எத்தனை நாள் தாங்குவாய்?" என்று கேட்டிருந்தால் ஒருவேளை வேலைநிறுத்தத்தையே வேறு மாதிரி திட்டமிட்டிருக்கலாம். வெளியாளோடு பேச மாட்டேன் என்றது நிர்வாகம். தனக்குள்ளேயே சிலரை வெளியாளாக வைத்திருந்தது சங்கம்.

இப்போது 1922-க்கு வருவோம். ஜெயித்த நிர்வாகம் கமிட்டி போட்டது ஏன்?

ஒன்று, அவர்களுக்குக் கணக்குத் தெரியும். மூன்று நான்கு வருஷத்தில் இத்தனை பூட்டு, இத்தனை வேலைநிறுத்தம். மேஸ்திரி வழியாக வருகிற தகவலை நம்பினால் அடுத்த வெடிப்பு எப்போது என்று தெரியாது. தொழிலாளி என்ன நினைக்கிறான் என்பதை நேரடியாகத் தெரிந்துகொள்ள ஒரு குழாய் வேண்டும். இன்னொன்று, அந்தக் குழாய் சங்கமாக இருக்கக் கூடாது. வெளியாள் இல்லாத ஒரு வழி. இரண்டுக்கும் ஒரே விடை கமிட்டி.

யோசனை அவர்களுடையது இல்லை. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் பட்டறைத் தொழிலாளிகள் கொந்தளித்தபோது, ஜே.எச்.விட்லி என்பவர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். தொழில் அளவிலும் தொழிற்சாலை அளவிலும் இரு தரப்பும் கூடிப் பேசும் குழுக்கள் வேண்டும் என்று 1917-ல் அது சொன்னது. அங்கே அந்தக் குழுக்கள் தொழிற்சங்கத்தோடு சேர்த்து யோசிக்கப்பட்டவை. கப்பலேறி இங்கே வந்தபோது சங்கம் மட்டும் துறைமுகத்தில் இறங்காமல் போய்விட்டது.

வேடிக்கை என்னன்னா அதே விட்லி, நடுவில் காமன்ஸ் சபையின் சபாநாயகராக இருந்துவிட்டு, 1929-ல் இந்தியத் தொழிலாளர் நிலை பற்றிய ராயல் கமிஷனுக்குத் தலைவராக இந்தியாவுக்கே வந்தார். சீனிவாச சாஸ்திரி, என்.எம்.ஜோஷி, ஜி.டி.பிர்லா எல்லாம் அதில் உறுப்பினர்கள். 1931-ல் அறிக்கை. பி அண்ட் சி மில்லின் தொழிலாளர் குடியிருப்பு, பள்ளிக்கூடம் ஆகியவற்றை நல்ல உதாரணங்களாகக் கமிஷன் பார்த்தது. அதே சமயம், கமிட்டிகளைப் பற்றி அது சொன்ன விஷயம் முக்கியமானது: சங்கம் இருக்கிற இடத்தில் அதன் ஒத்துழைப்போடு கமிட்டியை நடத்துங்கள், சங்கத்துக்குப் போட்டியாக அதைப் பயன்படுத்தாதீர்கள். தன் குழந்தை இந்தியாவில் எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்த்த தகப்பனின் கவலை அதில் தெரிகிறது.

கமிஷன் இன்னொன்றும் சொன்னது. மேஸ்திரி, ஜாபர் கையிலிருந்து ஆள் சேர்க்கும் அதிகாரத்தைப் பிடுங்குங்கள், அதற்கென்று லேபர் ஆபீசர் ஒருவரைப் போடுங்கள். இந்த லேபர் ஆபீசர்தான் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவில் 500 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள ஆலைகளில் கட்டாய 'வெல்ஃபேர் ஆபீசர்' ஆனார். பிறகு பர்சனல் மேனேஜர். பிறகு ஹெச்.ஆர். இப்போது சில இடங்களில் 'பீப்பிள் பார்ட்னர்' என்கிறார்கள். பெயர்ப்பலகை மாறினாலும் வம்சாவளி ஒன்றுதான். மேஸ்திரியின் மூன்று வேலைகளில் இரண்டை எடுத்து ஒரு அறைக்குள் வைத்தார்கள். மூன்றாவதை, அதாவது பக்கத்தில் நின்று வேலை வாங்குவதை, சூப்பர்வைசரிடம் விட்டார்கள்.

கமிட்டியும் சட்டத்துக்குள் வந்தது. 1947 தொழில் தகராறுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு: 100 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஒர்க்ஸ் கமிட்டி அமைக்கச் சொல்லி அரசு உத்தரவிடலாம். தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகப் பிரதிநிதிகளைவிடக் குறையக் கூடாது. சங்கம் இருந்தால் அதைக் கலந்து பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கணும். அந்தக் கமிட்டியின் கடமை இரு தரப்புக்கும் நடுவில் நல்லுறவை வளர்ப்பது.

எதைப் பேசி வளர்ப்பது? அங்கேதான் குழப்பம். 1959-ல் இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் இது விவாதத்துக்கு வந்து, அதையொட்டி ஒரு பட்டியல் தயாரானது. கமிட்டி பேசலாம்: காற்றோட்டம், வெளிச்சம், குடிதண்ணீர், கேன்டீன், கழிப்பறை, விபத்துத் தடுப்பு, பண்டிகை விடுமுறையை மாற்றி வைத்துக்கொள்வது, விளையாட்டு, நூலகம், சேமிப்பு. கமிட்டி பேசக் கூடாது: சம்பளம், போனஸ், வேலைப் பளு, ஆட்குறைப்பு, ஊக்கத்தொகைத் திட்டம். 1960-ல் நார்த்புரூக் சணல் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதே திசையில் தீர்ப்பு சொன்னது. ஆட்குறைப்போ வேலைமுறை மாற்றமோ செய்ய ஒர்க்ஸ் கமிட்டி சம்மதித்துவிட்டது என்று காட்டித் தொழிலாளிகளைக் கட்டுப்படுத்த முடியாது.

இந்தத் தீர்ப்பு தொழிலாளியைக் காப்பாற்றியது. சரிதான். ஆனால் பக்கவிளைவாக, கமிட்டி என்றாலே கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பேசுகிற இடம் என்று ஆகிப்போனது. நம்ம ஐ.டி. கம்பெனிகளின் எங்கேஜ்மென்ட் சர்வேயை எடுத்துப் பாருங்கள். முடிவு வந்ததும் மேலே இருந்து என்ன அறிவிப்பு வரும்? கேஃபட்டீரியாவில் புது கவுன்ட்டர். கேப் டைமிங் மாற்றம். வெள்ளிக்கிழமை விளையாட்டு. எத்தனை ஆளை வைத்து எத்தனை வேலை என்ற கேள்வி மட்டும் அடுத்த குவார்ட்டருக்குத் தள்ளிப்போகும். 1959 பட்டியலை யாரும் படிக்கவில்லை, ஆனாலும் வரிக்கு வரி அப்படியே நடக்கிறது.

'எங்கேஜ்மென்ட்' என்ற சொல்லை இந்தப் பொருளில் கொண்டுவந்தவர் வில்லியம் கான். 1990-ல் வந்த கட்டுரை. ஒரு கோடைக்கால முகாமிலும் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்திலும் ஆட்களைப் பார்த்து, பேசி எழுதினார். மனுஷன் தன்னை முழுசாக வேலையில் கொடுக்க மூன்று வேண்டும் என்றார்: செய்வதில் அர்த்தம், வாயைத் திறந்தால் தலை போகாது என்ற பாதுகாப்பு, அதற்கு மிச்சமிருக்கிற தெம்பு. தமிழில் இதை 'ஈடுபாடு' என்கிறோம். ஈடு என்றால் அடமானம் என்றும் ஒரு பொருள் இருப்பதைச் சும்மா நினைத்துக்கொள்கிறேன். பெரம்பூர்த் தொழிலாளிக்குத் தெம்பு அந்தப் பத்து நிமிஷத்தில் இருந்தது. பாதுகாப்பு அவனுக்கு மில்லுக்குள் எங்கேயும் இல்லை, பெருமாள் பெயரில் நடந்த சபையில்தான் இருந்தது.

நல்ல உதாரணமே இல்லையா என்றால், இருக்கு. அதுவும் நம்ம திருவள்ளூர் ரோட்டிலேயே. பாடி சுந்தரம் கிளேட்டன் 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது, இந்தியாவில் முதல் கம்பெனியாக. 2004-ல் பக்கத்திலேயே லூகாஸ் டி.வி.எஸ். இந்த டி.வி.எஸ். குழும ஆலைகளில் தரம் என்பதைத் தூக்கி நிறுத்தும் தூண்களில் ஒன்றாக 'அனைத்து ஊழியர் ஈடுபாடு' என்பதை எழுதிவைத்து நடத்தினார்கள். அதன் கருவி குவாலிட்டி சர்க்கிள். 1962-ல் ஜப்பானில் இஷிகாவா வழியாகத் தொடங்கி, 1980-களின் தொடக்கத்தில் ஹைதராபாத் பெல் ஆலை வழியாக இந்தியாவுக்கு வந்தது.

குவாலிட்டி சர்க்கிளுக்கும் ஒர்க்ஸ் கமிட்டிக்கும் என்ன வித்தியாசம்? ஒரே இடத்தில் வேலை செய்யும் ஏழெட்டுப் பேர் வாரம் ஒரு மணி நேரம் உட்காருவார்கள். என்ன பிரச்சினையை எடுப்பது என்று அவர்களே முடிவு செய்வார்கள். எந்தப் பாகம் அடிக்கடி ரிஜெக்ட் ஆகுது என்று எண்ணி, வரிசைப்படுத்தி, மீன்முள் படம் போட்டு, காரணத்தைத் தேடி, மாற்றிப் பார்த்து, மறுபடி எண்ணுவார்கள். பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. முடித்த ஆள் ஒரு வருஷம் கழித்து மேனேஜர்கள் முன்னால் நின்று தன் கணக்கைத் தானே எடுத்துச் சொல்வார். தலைமைப் பண்பு வளர்வது என்றால் எனக்கு இதுதான் கண்ணில் படுகிறது. பவர்பாயின்ட்டில் சிங்கம் படம் போட்டு நடத்துகிற பயிற்சி இல்லை. சூப்பர்வைசருக்கும் இதில் வேறு பாடம் கிடைக்கும்: விடை தெரிந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருப்பது.

அதற்காக இதைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளவும் நான் தயாரில்லை. குவாலிட்டி சர்க்கிளில் பிரச்சினை பாகத்தில் இருக்கும், மெஷினில் இருக்கும். சம்பளம் பிரச்சினை என்றால் மீன்முள் படத்தில் அதற்கு முள் கிடையாது. பல ஆலைகளில் இது எண்ணிக்கை காட்டுகிற சடங்காகவும் தேய்ந்துவிட்டது. மாதம் இத்தனை யோசனை எழுதிக் கொடுக்கணும் என்று டார்கெட் போட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

1922 பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு 2024. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9-ல் வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாள் நடந்தது. தொழிலாளிகள் சி.ஐ.டி.யு. சார்பில் அமைத்த சங்கத்தை அங்கீகரிக்கணும் என்பது முதன்மைக் கோரிக்கை. நடுவில் அக்டோபர் 7 அன்று நிர்வாகம் ஒரு தொழிலாளர் கமிட்டியோடு ஒப்பந்தம் போட்டது: மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, பஸ் வசதி, இன்னும் சில. சங்கத்தில் இருந்தவர்கள் இதை ஏற்கவில்லை. அக்டோபர் நடுவில் அரசு பேசி முடித்துவைத்தது. சங்கம் பதிவானது 2025 ஜனவரியில். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. ஆனால் தேதிகளை மறைத்துவிட்டுப் படித்தால் பெரம்பூரா ஸ்ரீபெரும்புதூரா என்று சந்தேகம் வரும். உங்கள் சார்பில் பேசுகிறவரை நீங்கள் தேர்ந்தெடுப்பதா, உங்களோடு பேசப்போகிறவர் தேர்ந்தெடுப்பதா என்ற அதே கேள்வி.

2020-ல் நிறைவேறிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு ஒர்க்ஸ் கமிட்டியை அப்படியே வைத்திருக்கிறது, அதே 100 பேர் வரம்போடு. அதற்குக் கீழே 20 பேர் இருந்தாலே குறைதீர்க் கமிட்டி வேண்டும் என்கிறது. பேச்சுவார்த்தைக்கு உரிய சங்கம் என்று ஏற்க 51 சதவீதம் தொழிலாளிகளின் ஆதரவு வேண்டும் என்கிறது. இதில் எண்ணிக்கைதான் எல்லாம். யாரை எண்ணுவது என்பதில் இருக்கு சங்கதி.

எங்க ஆர்.கே.பேட்டை பக்கம் விடியற்காலையில் சோளிங்கர் ரோட்டிலும் திருத்தணி ரோட்டிலும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கலாம். ஒரே பஸ்ஸில் ஏறுவார்கள், ஒரே கேட்டில் இறங்குவார்கள். ஒருத்தன் பர்மனென்ட், பக்கத்து சீட்டில் கான்ட்ராக்ட், பின்சீட்டில் டிரெய்னி. கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறம் வேறு. கமிட்டியில் உட்காருகிற பிரதிநிதி பெரும்பாலும் முதல் அட்டைக்காரர். மற்ற இரண்டு பேருக்கும் குறை சொல்ல வேண்டிய இடம் கான்ட்ராக்டர், அதாவது மேஸ்திரியின் பேரன். ஆள் சேர்ப்பதும் அவர், எடுப்பதும் அவர். 1931-ல் கமிஷன் பிடுங்கச் சொன்ன அதிகாரம் சுற்றிக்கொண்டு அதே கைக்கு வந்திருக்கிறது.

பஸ் ஏறாமல் ஊரிலேயே தங்கினவர்கள் தறிக்காரர்கள். ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை மூன்றுமே நெசவு ஊர்கள். மாஸ்டர் வீவர் நூல் கொடுப்பார், வீட்டில் நெய்து துணியாகக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்குவது. ஒரு கொட்டகையில் நாலு தறி, ஆறு தறி. ஊர் முழுக்கச் சேர்த்தால் ஒரு மில் அளவுக்கு ஆள் தேறும், ஆனால் எந்தக் கொட்டகையிலும் 20 பேர் தேறாது. 20 பேருக்குச் சொன்ன சட்டமும் இங்கே வராது, 100 பேருக்குச் சொன்னதும் வராது. கூலி வாங்கப் போகிற நாளில் மாஸ்டர் வீவர் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் காத்திருக்கும்போது, நூல் விலை ஏறுச்சு, கூலி ஏறலையே என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். உள்ளே இருந்து செருப்புச் சத்தம் கேட்டதும் பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிடும்.